பஞ்சாமிர்தமும் பவுலின் கடிதமும்

அன்புள்ள ஐயா,

தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போய் வந்து, வழக்கம்போல் தெருவில் எல்லா வீட்டுக்கும் பஞ்சாமிர்தம் கொடுத்தேன். எதிர்வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்தார் மட்டும் கனிவாக மறுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், காவடி புறப்பட்ட அன்று எல்லோருக்கும் மோர் கொடுத்தவர்கள் அவர்கள். இயேசு ஒருவரே வழி என்று நம்புகிறவர்களால் பிற சமயத்தாரோடு மெய்யாக இணங்கி வாழ முடியுமா? எல்லா வழியும் ஓரிடத்துக்கே போகிறது என்று அவர்களும் ஒப்புக்கொண்டால்தானே அமைதி நிலைக்கும்?

ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

பந்தியில் உண்டதையும் பஞ்சாமிர்தத்தை மறுத்ததையும் முரணாகக் காண்கிறீர்கள். இரண்டுக்கும் பைபிளின் ஒரே நூலில் இடம் இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 55இல் கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவச் சபைக்கு, தொடக்கக் காலப் போதகரான பவுல் எழுதிய முதல் கடிதத்தின் 8, 10ஆம் அதிகாரங்கள் இதே சிக்கலைத்தான் பேசுகின்றன. கோயிலில் பலியிட்ட இறைச்சி அந்நகரத்துக் கடைகளில் விலைக்கு வரும், விருந்துகளிலும் பரிமாறப்படும். கடையில் விற்பதை விசாரியாமல் வாங்கி உண்ணுங்கள், பிற சமயத்தார் அழைத்தால் போய் உண்ணுங்கள், ஆனால் இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால் அவருடைய மனச்சாட்சியை முன்னிட்டுத் தவிர்த்துவிடுங்கள் என்பது பவுல் சொன்ன முறை. பிரசாதம் என்று சொல்லியே நீங்கள் கொடுத்திருப்பீர்கள். (கத்தோலிக்கரில் வாங்கிக்கொள்பவர்கள் உண்டு, பெந்தெகொஸ்தே சபையார் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள்.) பிற சமயத்தார் பலியிடுவது பேய்களுக்கே என்ற கடுமையான வரியும் அதே 10ஆம் அதிகாரத்தில் இருக்கிறது; அதை மறைத்துவிட்டு நல்லிணக்கம் பேசுவது நேர்மையாகாது.

திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்ற கொள்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் அதைச் சொன்னது சபையைவிட்டுப் பிரிந்துபோன கிறிஸ்தவர்களைக் குறித்து. 1442இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய புளோரன்ஸ் சங்கம் அதைப் பிற சமயத்தார், யூதர் எல்லோர் மேலும் விரித்தது. தன் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாதவர் நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடினால் மீட்படையக்கூடும் என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியது. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று மறு ஆண்டு அறிவித்தது. ஆனால் மீட்பவர் கிறிஸ்துவே என்பதை இந்த ஆவணங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. மாறியது, அந்த மீட்பு யாரை எட்டக்கூடும் என்பதைப் பற்றிய புரிதல்தான்.

எல்லா வழியும் ஒன்றே என்பது பொதுவான சமாதான வாக்கியம்போலத் தோன்றினாலும், அதுவும் ஒரு சமயக் கொள்கைதான். காரைக்குடி அருகே கோவிலூர் மடத்தில் தமிழிலேயே வேதாந்தம் பயின்ற மண்ணில் பிறந்த நமக்கு அது இயல்பாக வாய்க்கிறது. எதிர்வீட்டார் அதை ஏற்றால்தான் அமைதி என்பது, அவர்கள் நம்முடைய கொள்கைக்கு வந்துவிட வேண்டும் என்று கேட்பதாகும். மதமாற்றத்தை எதிர்க்கும் பலர் இதைக் கவனிப்பதில்லை. 1982இல் கன்னியாகுமரி மாவட்டத்து மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே கலவரம் மூண்டபோது அமைதிக்காக அங்கே சென்று உழைத்த குன்றக்குடி அடிகளார், ஒரு சைவ ஆதீனத்தின் தலைவராகவே சென்றார். கிறிஸ்தவர்களோடு பேசுவதற்காகத் தம் திருநீற்றை அவர் அழித்துக்கொள்ளவில்லை.

உங்கள் வருத்தத்தில் நான் உடன்படும் இடம் வேறு. ஒலிபெருக்கி வைத்து அடுத்தவர் தெய்வத்தைச் சாத்தான் என்று இகழ்கிற பிரசங்கத்தைப் பவுலின் அந்த ஒரு வரியால் நியாயப்படுத்த முடியாது. மற்றவரின் மனச்சாட்சியைக் கருதச் சொன்னவரும் அவர்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட சமய விடுதலை அறிக்கை, சமயத்தைப் பரப்பும்போது வற்புறுத்தலின் சாயலும் கண்ணியமற்ற தூண்டுதலும் கூடாது என்றும், ஏழைகளிடமும் கல்லாதவர்களிடமும் அது இன்னும் தவறு என்றும் சொல்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையைச் சேராத தனிச்சபைகளை அந்த அறிக்கை கட்டுப்படுத்தாது என்றாலும், கிறிஸ்தவர்கள் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட இந்த அளவுகோலை வைத்து அத்தகைய பிரசங்கத்தைக் கண்டிக்க உங்களுக்கும் எதிர்வீட்டாருக்கும் ஒரே அளவு உரிமை உண்டு.