சுறாவுக்கு மனிதன் இரையா?

கேள்வி: எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளிக்கும் தொழில்தான். கடலடியில் சுறாவை நேருக்கு நேர் கண்டவர்கள் பலர் உண்டு. கடிபட்டவர் ஒருவரும் இல்லை. சுந்தரவனத்துப் புலியோ மனிதனைக் கொன்று தின்கிறது. ஏன் இந்த வேறுபாடு?
– வாசகர், கீழக்கரை

பதில்: வேட்டை விலங்கின் பல்லும் உடல்வாகும் அதன் இரையைப் பாதி தீர்மானித்துவிடுகின்றன, மீதியை அது தாயிடமிருந்தோ சொந்த அனுபவத்திலிருந்தோ கற்றுக்கொள்கிறது. மண்டபம் ஊர்க் கடற்கரையில் ஏலத்துக்கு வரும் பால் சுறாவின் வாயைப் பிளந்து பாருங்கள். சாளையையும் காரலையும் நழுவவிடாமல் கவ்வுவதற்கு ஏற்ற சிறு பற்களே அதில் இருக்கும். பெரும்பாலும் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும் அந்த மீனுக்கு, சங்குப் பையோடு மூழ்கி வரும் ஆள் விலகிப் போக வேண்டிய ஒரு பெரிய உருவம்தான். (அதைப் புட்டாக்கி உண்பவர்கள் நாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.) மீன்களிலேயே மிகப் பெரியதான திமிங்கலச் சுறா 12 மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது, ஆனால், நீரில் மிதக்கும் நுண்ணுயிரிகளையும் சிறு மீன்களையும் வடிகட்டித்தான் வயிறு வளர்க்கிறது.

உலகெங்கும் மனிதரைக் கொன்ற சுறாக்களில் பெரும்பாலானவை பெரும் வெள்ளைச் சுறா, புலிச்சுறா, காளைச் சுறா ஆகிய மூன்று இனங்களைச் சேர்ந்தவை. இவை கடல்நாயையோ ஆமையையோ ஒத்த பெரிய இரையைத் துண்டாக்கும் வலிமை உடையவை. ஆமை ஓட்டையே அறுக்கும் ரம்பப் பல் கொண்ட புலிச்சுறா எதையும் வாயில் போட்டுப் பார்க்கும் இயல்புடையது. அப்படியிருந்தும், பல தாக்குதல்களில் சுறா ஒரே கடியோடு விட்டுப் போயிருக்கிறது.

கற்றல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர்காத் திமிங்கலமே சான்று. வட பசிபிக்கில் ஒரே கடற்பரப்பில் வாழும் இரு கூட்டங்களில் ஒன்று மீனை மட்டுமே உண்ண, மற்றொன்று கடல்நாய் முதலான பாலூட்டிகளை வேட்டையாடுகிறது. கண்முன் இருந்தாலும் ஒன்றின் இரையை மற்றொன்று தொடுவதில்லை. மனிதன் இரு கூட்டத்தின் பட்டியலிலும் இல்லை. இயற்கைக் கடலில் ஓர்கா மனிதனைக் கொன்றதாகப் பதிவே கிடையாது.

புலிக்கும் நாம் வழக்கமான இரை அல்லோம். 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை 1907இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் சுட்டபோது, அதன் வலப்புறக் கோரைப்பற்கள் மேலும் கீழும் பழைய குண்டடியால் உடைந்திருந்தன. மானை அடிக்க இயலாத புலி மனிதனை அடித்தது. சுந்தரவனத்தின் கதை இன்னும் சிக்கலானது. அங்கே ஊனமற்ற புலிகளும் ஆளை அடிக்கின்றன. தேன் எடுக்கவும் நண்டு பிடிக்கவும் புதருக்குள் குனிந்து செல்பவரின் முதுகு, நிமிர்ந்து நிற்கும் மனிதனைவிட நாற்கால் இரையையே ஒத்திருக்கிறது. பின்னாலிருந்து பாய்வது புலியின் வழக்கம் என்பதால், 1980களில் பிடரியில் முகமூடி அணிந்து காட்டுக்குள் செல்லும் முறையை அங்கே சோதித்தார்கள். அது சில காலம் பலனும் தந்தது.

மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் 'கடல்கட்டி'க்குத் தனிப் பங்கு கொடுத்து வந்தார்கள். அத்தகையோருக்கு இருபதில் ஒரு பங்கு முத்து தரப்பட்டதாக 13ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ குறித்திருக்கிறார். பெரும்பாலும் கடிக்க வராத வாயைக் கட்டியதற்கு அது தாராளமான கூலிதான். ஆனால், அந்த மந்திரம் இல்லாமல் கடலில் இறங்க மறுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மூச்சடக்கி இறங்குபவர் பல்லின் வடிவத்தை எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.