9 வயது மகளுக்கு எண்டோஸ்கோபி (வாய்வழியாகக் கேமராக் குழாய் விட்டு உள்ளே பார்ப்பது) எடுக்கச் சொல்கிறார்கள். அதில் அப்படி என்னதான் தெரியும்?

ஆறு மாதமாக வயிற்றுவலி, ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுப் பெரியவர்கள் "குடலேற்றம், வழித்துவிட்டால் சரியாகிவிடும்" என்றும் சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டில் சொன்னார்கள், வழித்தும் விட்டார்கள்.

என் மகன் தொடக்கநிலை நான்கில் இருந்தபோது தட்டை வைத்தால் எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர். கோழித்துண்டை நூல் நூலாகப் பிய்த்து மென்று, கடைசியில் டிஷ்யூவில் துப்பி மேசைக்கு அடியில் ஒளித்து வைப்பான். சேட்டை என்று நினைத்துத் திட்டினேன். இரண்டு முறை அடித்தும் இருக்கிறேன். (யாரும் பாடம் எடுக்க வராதீர்கள், எனக்கே தெரியும்.) ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே சிங்கப்பூரில், தேக்காவில் பிரியாணி சாப்பிடும்போது ஆட்டுக்கறி நெஞ்சிலேயே நின்றுவிட்டது. எச்சில்கூட இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கியது, ஆனால் என் கை நடுக்கம் நிற்கவில்லை. மறுநாளே பலதுறை மருந்தகம், அங்கிருந்து மருத்துவமனை.

மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுத்தார்கள். முடிந்ததும் டாக்டர் வந்து, "பார்வைக்கு எல்லாம் சாதாரணமாக இருக்கிறது" என்றார். பிள்ளையைப் பட்டினி போட்டது இதைக் கேட்கவா என்று எனக்கு எரிச்சல். அப்புறம் பயாப்ஸி (உள்ளிருந்து எடுத்த சதைத்துணுக்கைச் சோதிப்பது) முடிவு வந்தது. உணவுக்குழாயில் இயோசினோஃபில் என்ற ஒவ்வாமை அணுக்கள். நுண்ணோக்கியில் ஒரு பார்வைப் புலத்தில் 15 இருந்தாலே சந்தேகம், இவனுக்கு 40க்கு மேல். சின்ன வயதில் அவனுக்கிருந்த கரப்பானும் இதே ஒவ்வாமைக் குடும்பம்தானாம்.

ஆகவே, கேமரா காட்டுவது பாதிதான். படம் நன்றாக இருந்தாலும் சதைத்துணுக்கு எடுப்பார்களா, உணவுக்குழாயிலிருந்தும் எடுப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒமெப்ரசோல் மாதிரி அமிலத்தைக் குறைக்கும் மருந்து ஓடிக்கொண்டிருந்தால் சொல்லிவிடுங்கள், முடிவு மாறக்கூடும். நீங்களாக நிறுத்தவேண்டாம்.

நான் டாக்டர் இல்லை. வயிற்றுவலி என்று வரும் எல்லாப் பிள்ளைக்கும் குழாய் விடச் சொல்லவும் இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு உள்ளே எந்தப் புண்ணும் இருப்பதில்லை, ஆனாலும் வலி நிஜம்தான். எடை குறைவது, விழுங்கச் சிரமம், ரத்த வாந்தி, கறுப்பு மலம், தூக்கத்தில் எழுப்பும் வலி, இதில் ஏதாவது இருந்தால் கதை வேறு. உங்கள் டாக்டர் எதைப் பார்த்து எடுக்கச் சொன்னார் என்று முதலில் கேளுங்கள்.

ஒவ்வாமையைத் தூண்டக்கூடும் என்று இப்போது அவனுக்குப் பால் கிடையாது. மைலோவும் போனதில் என்மேல் இன்னும் கோபம். மருந்து கேட்கிறதா என்று பார்க்கத் திரும்பவும் துணுக்கு எடுக்கவேண்டும், இதுவரை மூன்று தடவை. இங்கே பிள்ளைக்கு 7 வயது ஆகிவிட்டால் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு ஆண்டுக்கு 2 நாள்தான், தெரியுமல்லவா? என் மேலாளர் வேறு, "வயிற்றுவலிதானே?" என்றார். மிச்ச நாளெல்லாம் என் ஆண்டு விடுப்பில் போனது. தீபாவளிக்கு ஏன் ஊருக்கு வரவில்லை என்று கேட்ட சொந்தக்காரர்கள் இதைப் படித்தால் சரி.