மேல்தாடைக்கு இரண்டு இம்ப்ளாண்ட் போதுமா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 64. மேல்பற்கள் முழுவதும் போய்விட்டன. கீழே முன்பற்கள் மட்டும் இருக்கின்றன. மேல் பல்செட் பேசும்போதே கழன்று விழுகிறது. தாடை எலும்பில் இரண்டு இம்ப்ளாண்ட் (டைட்டானியத் திருகு) வைத்து அதன்மேல் பல்செட்டை மாட்டிவிடலாம், ஒரே நாளில் முடியும் என்று ஓசூரில் நடந்த இலவச முகாமில் கூறி முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? – வாசகர், பாலக்கோடு.

பதில்: கொடுக்காதீர்கள். இரண்டு என்ற கணக்கு கீழ்த்தாடைக்கு உரியது. பற்களே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளாண்ட் தாங்கும் பல்செட்டே முதல் தேர்வு என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் கூறியதை, முகாம்காரர்கள் அப்படியே மேலே ஏற்றிவிடுகிறார்கள். மேல்தாடை எலும்பு மென்மையானது; கடைவாய்ப் பக்கம் அதற்கு மேலே சைனஸ் என்னும் காற்றறை இருப்பதால் திருகை இறக்க இடமும் குறைவு. எனவே மேலே பொதுவாகக் குறைந்தது நான்கு இம்ப்ளாண்ட் தேவைப்படும். எலும்பு அந்த டைட்டானியத்தைப் பற்றிக்கொள்ளச் சில மாதங்கள் ஆகும். 'ஒரே நாள்' என்பது உங்கள் தாயாருக்குப் பொருந்துமா என்பதை முப்பரிமாண ஸ்கேன் எடுக்காமல் எவரும் சொல்ல முடியாது.

செட் ஏன் விழுகிறது என்பதை முகாமில் யாரேனும் பார்த்தார்களா? கீழே முன்பற்கள் மட்டும் இருந்தால் மெல்லும் பாரம் முழுவதும் மேல்செட்டின் முன்பகுதியில் விழுந்து, அங்குள்ள எலும்பு கரைந்துபோகும். விரலால் அழுத்தினால் ஈறு பஞ்சுபோல் அசையும். கீழே கடைவாய்க்குப் பல் கட்டி, மேல்செட்டின் உட்புறத்தை ஈறுக்கு ஏற்ப மறுபடி பொருத்தினாலே பலருக்குப் பிடிமானம் கிடைத்துவிடுகிறது. இதில் முகாமுக்கு ஆள் பிடிக்கும் தரகருக்குக் கமிஷன் இல்லாததால் இதை அவர் சொல்லமாட்டார்.

'பேக்கேஜ்' என்று நீட்டப்படும் தாளில் எத்தனை இம்ப்ளாண்ட், எந்த நிறுவனத் தயாரிப்பு, எலும்பு சேர்க்க நேர்ந்தால் யார் செலவு, கடைசியில் மாட்டும் செட் அதில் அடங்குமா என்பவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் தொகையும் தவணையும்தான் இருக்கும். மருத்துவக் காப்பீடுகளோ பொதுவாக இம்ப்ளாண்டை ஏற்பதில்லை. பல்லில்லாமல் சாப்பிட முடியாத முதியவரின் நிலை காப்பீட்டு நிறுவனங்களின் கண்ணுக்கு அழகுக் குறையாகத்தான் தெரிகிறது போலும். அந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

பல் மருத்துவரிடம் ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு உங்கள் தாயார் வாரம் ஒரு மாத்திரையோ, ஆண்டுக்கு ஒரு முறை சோலெட்ரோனிக் அமில ஊசியோ, ஆறு மாதத்துக்கு ஒரு முறை டெனோசுமாப் ஊசியோ எடுத்துக்கொள்கிறாரா? எலும்பு மருத்துவர் கொடுத்ததற்கும் பல்லுக்கும் என்ன தொடர்பு என்று பலர் இதைச் சொல்வதில்லை. இம்மருந்துகள் உள்ளவர்களுக்கு அறுவைக்குப் பின் தாடை எலும்பு அரிதாக ஆறாமல் அழுகக்கூடும். புற்றுநோய்க்காக அதிக அளவில் பெறுபவர்களுக்கு அந்த ஆபத்து மிகக் கூடுதல், அவர்களுக்கு இம்ப்ளாண்ட் வேண்டாம் என்றே சொல்வேன். தேய்மானத்துக்கு எடுப்பவர்கள் பழைய மருந்துச் சீட்டுகளுடன் இரு மருத்துவர்களையும் கலந்து முடிவெடுக்கலாம்; ஊசியைத் தாமாக நிறுத்தக் கூடாது, டெனோசுமாபைத் தள்ளிப்போட்டால் முதுகெலும்பு முறியவும் கூடும். சர்க்கரை இருந்தால் அது முதலில் கட்டுக்குள் வரட்டும்.

இவற்றுக்குப் பிறகும் இம்ப்ளாண்ட்தான் என்றால், செயற்கைப் பல் துறையில் எம்.டி.எஸ். என்னும் பல் மருத்துவ மேற்படிப்பை முடித்தவரைத் தருமபுரியிலோ சேலத்திலோ பாருங்கள். செட்டைப் பற்றிக்கொள்ளும் நைலான் வளையம் தேயும்போதெல்லாம் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், பஸ் ஏறி எளிதில் போய்வரக்கூடிய மருத்துவரே நல்லது. இம்ப்ளாண்டின் பெயரும் தொகுதி எண்ணும் உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி, மருத்துவச் சீட்டுகளோடு வையுங்கள்.