அது கீரை இல்லை, மரப் புகையிலை

வேலியோரம் தானாக முளைத்து ஆளுயரம் வளர்ந்த செடியின் இலையைக் கீரையாகச் சமைக்கலாமா, ஆடுகள் மேயலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இரண்டுமே ஆபத்து.

சாம்பல் பூத்த நீலப்பச்சை இலை, குழல் போன்ற மஞ்சள் பூ, ரோமமே இல்லாத வழவழப்பு என்று நீங்கள் சொல்லும் அடையாளங்கள் மரப் புகையிலையோடு (நிகோட்டியானா கிளாக்கா) பொருந்துகின்றன. தென் அமெரிக்காவிலிருந்து பரவிய, கத்தரிக் குடும்பத்துச் செடி இது. சாதாரணப் புகையிலையின் இலை பிசுபிசுக்கும், இது பிசுபிசுக்காது. அதனால்தான் பலர் கீரை என்று ஏமாந்துவிடுகிறார்கள். இதன் முக்கிய நஞ்சு அனபேசின். அது மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். வேகவைத்தாலும் நஞ்சு போகாது. வேகவைத்துத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். யாராவது ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால், வாந்தியோ தள்ளாட்டமோ வரும்வரை காத்திராமல், செடியின் ஒரு கிளையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆடுகளில் சினையானவை உண்டா? இருந்தால் இன்றே அவற்றை அங்கிருந்து விலக்கிக் கட்டுங்கள். சினையின் 2ஆம் மாதத்தில் இதைத் தின்ற ஆடுகளுக்குப் பிளந்த அண்ணத்தோடும் வளைந்த கால்களோடும் குட்டிகள் பிறந்திருக்கின்றன. பார்க்கவே நெஞ்சு பதறும்.

கையுறை அணிந்து, மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். வெட்டினால் மட்டும் போதாது, அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். காய்கள் வெடிப்பதற்கு முன்பே செய்யுங்கள். விதைகள் தூள் போலச் சிறியவை, எண்ணிக்கையோ ஏராளம். பிடுங்கியதை ஆடு எட்டாத இடத்தில் போடுங்கள், எரிக்க வேண்டாம்.