மடுவத்துத் தராசுக்கு எந்த ஷெல்?

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறேன். அம்மாவும் அக்காவும் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார்கள். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் டிஜிட்டல் தராசு இருந்தாலும் நிறையைக் கையால்தான் எழுதுகிறார்கள். தராசின் சீரியல் வயரை ஒரு சின்ன லினக்ஸ் போர்டில் செருகி, ஒவ்வொரு நிறையும் தானாகப் பதிவாகும்படி ஒரு கருவி செய்கிறேன். கையில் உள்ள போர்டில் 16 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ரேம், ரவுட்டர் போன்ற சின்னக் கருவிகளுக்கான லினக்ஸான ஓபன்டபிள்யூஆர்டி ஓடுகிறது. லெப்டொப்பில் பாஷ் என்ற ஷெல்லுக்கு (கட்டளைகளை வாங்கி இயக்கும் மென்பொருள்) எழுதிய ஸ்கிரிப்ட் அதில் ஓடவில்லை. பாஷ் ஓட 256 எம்பி ரேம் வேண்டும் என்று சொல்லி, இரண்டு மடங்கு விலையுள்ள போர்டைக் காட்டுகிறார் கடைக்காரர். வாங்கலாமா, இல்லை வேறு லேசான ஷெல் போடலாமா?

பதில்: வாங்க வேண்டாம், தம்பி. பாஷுக்கு 256 எம்பி வேண்டும் என்பது பிழை. உங்கள் 64 எம்பி போர்டிலேயே பாஷை ஏற்றி ஓட்டலாம். ஆனால் அதற்கும் தேவையில்லை. போர்டோடு வந்த ஆஷ் ஷெல்லே இந்த வேலைக்குப் போதும்.

ஆஷ் புதிய சரக்கு அல்ல. கென்னத் அல்ம்குவிஸ்ட் 1989இல் எழுதியது. அதன் ஒரு கிளைதான் உபுண்டு லினக்ஸில் இருக்கும் டாஷ். இன்னொரு கிளை பிஸிபொக்ஸுக்குள் இருக்கிறது. கோப்புகளைப் பட்டியலிடுவது, தேடுவது, வரிசைப்படுத்துவது என்று நூற்றுக்கணக்கான கட்டளைகளை ஒரே கோப்புக்குள் அடக்கிய மென்பொருள் பிஸிபொக்ஸ். 1990களின் நடுவில், டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் நிறுவல் வட்டு ஒரே ஃபிளொப்பியில் அடங்கவேண்டும் என்பதற்காக புரூஸ் பெரென்ஸ் தொடங்கியது. சாதாரணக் கணினியில் டாஷ் நூறு கேபி சொச்சம், பாஷ் ஒரு எம்பிக்கு மேல். 16 எம்பி ஃபிளாஷில் இது பெரிய வித்தியாசம். ஹஷ் என்று இன்னொன்றும் பிஸிபொக்ஸில் உண்டு. நினைவக மேலாண்மை அலகு இல்லாத சிப்களில் ஆஷ் ஓடாது, அங்கேதான் ஹஷ் தேவைப்படும். உங்கள் போர்டுக்கு அது வேண்டாம்.

ஸ்கிரிப்ட் ஓடாததற்குக் காரணம் பெரும்பாலும் முதல் வரிதான். அதில் பாஷ் என்று எழுதியிருப்பீர்கள், போர்டில் பாஷ் இல்லை. அதை, கணினியின் வழக்கமான ஷெல்லைக் குறிக்கும் எஸ்எச் (sh) என்று மாற்றுங்கள். அடுத்து, அரே (பல மதிப்புகளை ஒரே பெயரில் வைக்கும் பட்டியல்) பயன்படுத்தியிருந்தால் எடுத்துவிடுங்கள், ஆஷுக்கு அது தெரியாது. லெப்டொப்பில் உபுண்டு இருந்தால் டாஷ் ஏற்கெனவே உண்டு. 2006இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து எஸ்எச் என்றாலே அங்கே டாஷ்தான். பிஸிபொக்ஸையும் லெப்டொப்பில் போட்டு இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். ஷெல்செக் என்ற இலவசக் கருவி, பாஷுக்கு மட்டுமே உரிய வரிகளைக் காட்டிக்கொடுக்கும்.

இனிச் சொல்வதை மட்டும் இரண்டு முறை வாசியுங்கள். தராசு நிறையை ஒரே அகலத்தில் அனுப்பினால், 12.6 கிலோ என்பது 012.6 என்று வரும். ஷெல்லில் தசமக் கணக்கு கிடையாது. அதனால் புள்ளியை எடுத்துவிட்டு 0126 என்று கூட்டத் தோன்றும். அங்கேதான் ஆபத்து. முன்னால் 0 இருந்தால் ஷெல் அதை எட்டடிமான எண்ணாக (பத்துக்குப் பதில் எட்டெட்டாக எண்ணும் முறை) எடுத்துக்கொள்ளும். 0126 என்பது 86 ஆகிவிடும், அதாவது 12.6 கிலோ 8.6 கிலோவாகப் பதிவாகும். நாலு கிலோ கொழுந்து காணாமல் போகும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. 8 அல்லது 9 உள்ள நிறைகளில் மட்டும்தான் ஸ்கிரிப்ட் பிழை சொல்லி நிற்கும். பாஷிலும் இதே கதிதான், ஆகவே பெரிய போர்ட் வாங்கினாலும் இது தீராது. வழி சுலபம்: முன்னால் 1 ஒன்றை ஒட்டி 10126 ஆக்கி, 10000ஐக் கழியுங்கள். 126 வரும். ஆஷ், டாஷ், பாஷ் மூன்றிலும் சரியாக வேலை செய்யும். அந்த நிறையை வைத்துத்தான் உங்கள் அக்காவுக்கு முழுப்பேரா (முழுநாள் சம்பளம்) அரைப்பேரா (அரைநாள் சம்பளம்) என்று முடிவாகும். மடுவத்தில் வைப்பதற்கு முன், படிக்கல் வைத்து 8, 9, 10, 12.6, 18 என்று பல நிறைகளை நிறுத்து, திரையில் தெரிவதும் பதிவானதும் ஒன்றா என்று பாருங்கள். முதல் இரண்டு வாரம் கைக்கணக்கையும் நிறுத்தாதீர்கள்.

போர்டுக்கு வைத்திருந்த காசை மணிக்கூட்டில் போடுங்கள். மலிவான ரவுட்டர் போர்டுகளில் பெரும்பாலும் பேட்டரியோடு ஓடும் மணிக்கூடு இருக்காது. கரண்ட் போய் வந்ததும் இன்டர்நெட்டில்தான் நேரம் பார்க்கும். சிக்னல் இல்லாத மடுவத்தில் அது எப்படிப் பார்க்கும்? காலை நிறை வேறொரு தேதியில் விழும். டிஎஸ்3231 என்ற மணிக்கூட்டு மொடியூலைக் கேளுங்கள். அது ஒரு பட்டன் பேட்டரியில் நேரத்தைக் காக்கும். போர்டில் அதை இணைப்பதற்கான ஐ-ஸ்கொயர்-சி (I2C) பின்கள் வெளியே இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஒரு சின்ன பேட்டரி பேக்கப்பும் வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடிமழைக்கு மலைநாட்டில் கரண்ட் போவது உங்களுக்குத் தெரியாததா? ஒவ்வொரு நிறையையும் எழுதியவுடன் சிங்க் (sync) கட்டளை கொடுத்துவிடுங்கள். அப்போது கரண்ட் போனாலும் எழுதியது நிற்கும். ஒரு நாளைக்குச் சில நூறு வரிகளால் ஃபிளாஷ் தேய்ந்துவிடாது.

வாங்கும் எதற்கும் பற்றுச்சீட்டு எடுங்கள், அதில் மொடல் இலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதி வாங்குங்கள். அப்புறம், கருவியைப் பிற தோட்டங்களுக்கு விற்க நினைத்தால் ஒன்று: பிஸிபொக்ஸ் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் வருகிறது. விற்பதற்குத் தடை இல்லை, ஆனால் வாங்குபவர் கேட்டால் அதன் மூலநிரலைக் கொடுக்க வேண்டும். நீங்கள் பயன்படுத்திய பதிப்பை இப்போதே ஒரு பக்கம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: நுவரெலியாவில் மரக்கறிக் கூடாரத்துக்கு ஈஎஸ்பி32 என்ற சின்னக் கட்டுப்பாட்டுச் சிப் உள்ள போர்ட் வாங்கியிருக்கிறேன். அதில் எந்த ஷெல் போடுவது?

பதில்: எதுவும் போட முடியாது, போடவும் வேண்டாம். அதன் உள் ரேம் 520 கேபி. சாதாரணமாக லினக்ஸ் அதில் ஓடாது, ஆகவே ஆஷ், பாஷ் என்ற பேச்சே இல்லை. யூஎஸ்பி வழியாகக் கட்டளை கொடுத்துப் பார்க்க ஆசையென்றால், சின்னச் சிப்களுக்கான பைதன் மொழியான மைக்ரோபைதனை ஏற்றுங்கள். ஒரு வரி தட்டினால் உடனே பதில் வரும். ஈரப்பத உணரியைச் சோதிக்க அது போதும். ஒரு கவனம்: அந்தச் சிப்பின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. 5 வோல்ட் வெளியிடும் உணரியை நேரே கொடுத்தால் போர்ட் கருகிவிடலாம், வாங்கும்போதே 3.3 வோல்ட் உணரியாகக் கேட்டு வாங்குங்கள்.