‘கோ’வுக்கு ஏன் ‘வென்ற்’?

கேள்வி: ஆங்கிலத்தில் ‘ஜம்ப்’ என்றால் இறந்தகாலம் ‘ஜம்ப்ட்’, ‘வோக்’ என்றால் ‘வோக்ட்’. ‘கோ’வுக்கு மட்டும் ஏன் துளியும் ஒட்டாத ‘வென்ற்’?
— சாதாரணதர மாணவி, கோண்டாவில்

பதில்: ஒட்டாததற்குக் காரணம், அது ‘கோ’வின் பிள்ளையே அல்ல. ‘வென்ட்’ என்ற வேறொரு வினையின் இறந்தகாலம். ‘சென்ட் – சென்ற்’, ‘ஸ்பென்ட் – ஸ்பென்ற்’ வரிசையில் ‘வென்ட் – வென்ற்’ என்று வைத்துப் பாருங்கள், கச்சிதமாகப் பொருந்தும்.

பழைய ஆங்கிலத்தில் ‘வென்டன்’ என்றால் திருப்புதல். சுற்றுதல், முறுக்குதல் என்று பொருள்படும் ‘வின்டன்’ அதன் தாய். நம் ‘திரும்பு – திருப்பு’ போன்ற சோடி. மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பதைச் சொல்லும் ‘வைன்ட்’ அந்தத் தாய்ச்சொல்லின் இன்றைய உருவம். ஒரு பக்கம் திரும்புவது, அந்தப் பக்கம் புறப்படுவது, பிறகு வெறுமனே போவது என்று ‘வென்டன்’ பொருள் மாறிவந்தது.

‘கோ’வோ பழைய ஆங்கிலத்திலேயே இறந்தகாலத்தைக் கடன் வாங்கிய சொல்தான். ‘கான்’ என்றிருந்த அதற்கு இறந்தகாலம் ‘ஏஓடெ’; அதுவும் வேற்று வேர். அது வழக்கொழிய, அந்த இடத்துக்கு ‘வென்ற்’ வந்தது. 1500 அளவில் அது நிலைபெற, ‘வென்ட்’ தனக்கு ‘வென்டெட்’ என்று புதிய இறந்தகாலம் ஆக்கிக்கொண்டது. ஸ்கொட்லாந்துப் பேச்சிலோ ‘கோ’விலிருந்தே பிறந்த ‘கேட்’ வழங்குகிறது.

பரீட்சையில் புள்ளி போவது இரண்டு இடத்தில். ‘டிட்’ ஏற்கெனவே இறந்தகாலத்தைச் சுமப்பதால் அதன்பின் ‘கோ’ மட்டுமே வரும். ‘டிட் நொட் வென்ற்’ பிழை. ‘ஹாஸ்’, ‘ஹாவ்’ பின்னால் ‘கோன்’ எழுத வேண்டும். ஆனால் ‘ஹாஸ் கோன் டு கொழும்பு’ என்றால் ஆள் இன்னும் திரும்பவில்லை. போய் வந்தவருக்கு ‘ஹாஸ் பீன்’.

கேள்வி: ‘போட்டு வாறன்’ என்பதை ‘ஐ வில் கோ அன்ட் கம்’ என்று சொல்லலாமா?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ஆங்கிலேயர் நீங்கள் சற்று நேரத்தில் திரும்பி வருவீர்கள் என்று காத்திருப்பார். ‘போறன்’ என்று மொட்டையாகச் சொல்லக் கூசும் நம் வழக்கம் அவருக்குத் தெரியாது. விடைபெற ‘பை’ போதும். உண்மையிலேயே திரும்புவதாக இருந்தால் ‘ஐல் பி பக்’.

அதேவேளை, தொலைபேசியில் ‘உங்கட வீட்டை வாறன்’ என்பதை ‘ஐம் கமிங்’ என்றே சொல்லுங்கள். கேட்பவர் இருக்கும் இடத்துக்கு நகர்வதை ஆங்கிலமும் ‘கம்’ என்றே சொல்லும். தமிழில் இது பழைய விதி: வருதலும் தருதலும் தன்மை முன்னிலைக்கு, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வகுத்திருக்கிறது. இங்கே நம் பேச்சை அப்படியே பெயர்த்தாலே சரியான ஆங்கிலம் வந்துவிடும்.