கேள்வி பதில்: நாவலுக்குப் பின்னால் வந்த பங்க் குழுக்கள்

கேள்வி: மைக்கேல் முஹம்மத் நைட்டின் ‘தி தக்வாகோர்ஸ்’ நாவல், அமெரிக்காவில் இருந்த முஸ்லிம் பங்க் குழுக்களைப் பார்த்து எழுதப்பட்டதா?
வாசகர், காயல்பட்டினம்

பதில்: இல்லை, நாவல்தான் முதலில் வந்தது. அவர் எழுதியபோது அப்படி ஒரு கூட்டமே கிடையாது. தலைப்புகூட அவர் செய்த சொல்தான்: இறையச்சமாகிய ‘தக்வா’வையும், பங்க் என்ற கலக ராக் இசையின் முரட்டுக் கிளையான ‘ஹார்ட்கோர்’ஐயும் ஒட்டவைத்தார்.

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் முஸ்லிம் பங்க் இளைஞர்கள் சேர்ந்து வாழும் ஒரு வீடுதான் கதைக்களம். கதை சொல்பவன் யூசுஃப் அலி, பாகிஸ்தானியக் குடும்பத்துப் பொறியியல் மாணவன். அங்கே தொழும் திசையான கிப்லாவைக் காட்டுவது சுவரில் உடைத்த ஓட்டை. ஜெஹாங்கீர் கூரையில் நின்று எலெக்ட்ரிக் கிதாரில் பாங்கு வாசிக்கிறான். ராபியாவின் புர்கா முழுக்க இசைக்குழுச் சின்னங்கள் தைத்திருக்கின்றன. ஆண்களும் பெண்களும் சேர்ந்து நிற்கும் தொழுகையை அவளே நடத்துகிறாள்.

அதே வீட்டில் இருக்கும் உமரை மட்டும் கவனித்துப் படியுங்கள். குடி, போதை எதையும் தொடாத ‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’ வழக்கம் பங்க் உலகத்திலேயே உண்டு. 1981இல் வாஷிங்டனின் மைனர் திரெட் குழு பாடிய பாட்டால் வந்த பெயர் அது. உமருக்கு இஸ்லாமிய மார்க்கம் விலக்குவதும் பங்க் விலக்குவதும் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டு உலகங்களும் வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படவில்லை என்பதற்கு அவனே சாட்சி. நாவலின் பலமும் இங்கேதான் இருக்கிறது.

கேள்வி: குழுக்கள் பிறகு எப்படி வந்தன? அவர்கள் ஏன் ‘தக்வாகோர்’ என்ற பெயரை வேண்டாம் என்றார்கள்?
வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நைட் நாவலை முதலில் ஜெராக்ஸ் பிரதிகளாக இலவசமாகக் கொடுத்தார். டெட் கென்னடீஸ் பாடகர் ஜெல்லோ பியாஃப்ராவின் இசை நிறுவனம் அதை விநியோகித்தது. 2004இல் ஆட்டோனோமீடியா அச்சிட்டது. முகப்புக் கவிதைக்கு டெக்சாஸ் இளைஞர் ஒருவர் மெட்டமைத்து, ‘வோட் ஹெஸ்பொல்லா’ என்று நாவலில் வரும் குழுவின் பெயரையே வைத்துக்கொண்டார். பாஸ்டனில் ‘தி கோமினாஸ்’, சிகாகோவில் ‘அல் தவ்ரா’, வான்கூவரில் பெண்களின் ‘சீக்ரெட் ட்ரையல் ஃபைவ்’ என்று குழுக்கள் சேர்ந்தன.

2007இல் இவர்கள் பேருந்தில் ஊர் ஊராகப் போய், வட அமெரிக்க இஸ்லாமியச் சங்கத்தின் சிகாகோ மாநாட்டு மேடையிலும் வாசித்தார்கள். பெண்கள் குழு ஏறியதும் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. போலீஸ் வந்து வெளியேற்றியது.

பெயர் விவகாரத்துக்கு வருவோம். பத்திரிகைகள் எல்லாக் குழுக்களையும் ஒரே சீட்டு ஒட்டி அடுக்கின. கோமினாஸ் பாடல்களில் பஞ்சாபி மெட்டும் கேலியும் நிறைய. ஆனால் பேட்டி எடுத்தவர்கள் கேட்டதெல்லாம் மதத்தைத்தான். இசையைக் கேட்காமல் அடையாளத்தை மட்டும் விசாரித்தால் கலைஞர்கள் விலகத்தான் செய்வார்கள். அவர்கள் பக்கமே நியாயம் என்பது என் எண்ணம்.

கேள்வி: எந்தப் பதிப்பை வாங்கலாம்?
வாசகர், மதுரை

பதில்: அமெரிக்கப் பதிப்பு. 2007இல் பிரிட்டனில் வந்த டெலிகிராம் பதிப்பில் சில பகுதிகள் நீக்கப்பட்டுள்ளன. படங்களைப் பொறுத்தவரை, ஒமர் மஜீதின் 2009 ஆவணப்படம் நிஜக் குழுக்களைப் பற்றியது. எயாத் ஸஹ்ராவின் 2010 படம் நாவலின் கதை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எங்கள் கல்லூரிக் குழு இதுபோல் ஜெராக்ஸ் புத்தகம் போட நினைக்கிறது. எப்படி?
வாசகர், திருநெல்வேலி

பதில்: பக்க எண்ணிக்கை 4ஆல் வகுபட வேண்டும். 16 பக்கத்துக்கு 4 ஏ4 தாள், நடுவில் மடித்தால் ஏ5 அளவு. இந்த 16 பக்கப் புத்தகத்தில், ஒரு முகத்தில் அருகருகே வரும் இரு பக்க எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 17: முதல் தாளின் முன்புறம் 16, 1, பின்புறம் 2, 15. இதைத் தவறவிட்டால் கதை நடுவில் குதிக்கும்.

இரண்டு பக்கமும் எடுக்கும்போது தாளைக் குறுகிய விளிம்பு வழியாகத் திருப்பச் சொல்லுங்கள். நீண்ட விளிம்பில் திருப்பினால் பின்பக்கம் தலைகீழாக வரும். மிஷின் ஓரம் வரை அடிக்காது, ஆகவே நான்கு புறமும் 1 செ.மீ. விடுங்கள். எப்போதும் மூலப் பிரதியிலிருந்தே எடுங்கள். நகலின் நகல் எடுக்க எடுக்க எழுத்து தேயும், புகைப்படம் கறுத்துப்போகும்.

சாதாரண ஸ்டேப்ளர் நடுமடிப்பை எட்டாது, நீளக் கை உள்ளது வேண்டும். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாளில் 15 தாள், அதாவது 60 பக்கம் வரை போதும். அதற்கு மேல் போனால் உள்தாள்கள் வெளியே பிதுங்கி, ஓரம் வெட்டும்போது எழுத்தும் போய்விடும். நாவல் நீளமாக இருந்தால் அத்தியாயங்களைத் தனித்தனிப் புத்தகங்களாகப் பிரியுங்கள், அல்லது ஸ்பைரல் பைண்டிங் போடுங்கள். முதலில் 5 பிரதி மட்டும் எடுத்து, வெளியார் ஒருவரிடம் கொடுத்துப் பக்க வரிசையைப் பார்க்கச் சொல்லுங்கள்.